நான்காவது போத்தல்

அத்தியாயம் 17

பெதானியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். மூன்றரை வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் பதினொன்றாவது இருக்க வேண்டும், எட்டுதான் இருக்கிறது. "சனிக்கிழமை பத்தரைக்கு வாங்க. மூணு நாளைக்குப் பிள்ளை வாயில என்னென்ன போகுதோ எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு வாங்க" என்று பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்திலிருந்து தாதி சொன்னதும், பெதானியின் அம்மா பெட்டி சிங்கப்பூர் ஜூரோங்கில் தன் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

சுவா சூ காங்கில் பன்னிரண்டாம் மாடி வீட்டின் ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டியிருந்த தாளை உருவி எடுத்தாள் பெட்டி. ஆற அமரப் படிக்க இப்போதுதான் நேரம் கிடைத்தது. வாரம் முழுக்க அவள் ஓடிய ஓட்டம் அப்படி. கணவன் ஆம்ப்ரோஸுக்கு ரசாயன ஆலையில் பன்னிரண்டு மணி நேர வேலை, விடிவதற்குள் போய்விட்டான்.

தாளில் பெரும்பாலும் நாத்தனார் மரியம்மாளின் கையெழுத்து. உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதைப்போல.

புதன், மதியம் 12.30. சோறு, முருங்கைக்கீரை, முட்டை. மூன்று வாய். போதும் என்றாள். தட்டை எடுத்துவிட்டேன்.

வியாழன், மதியம் 12.30. பருப்புச் சோறு, கேரட். நான்கு வாய். தட்டை எடுத்துவிட்டேன்.

வெள்ளி, மதியம் 12.30. சோறு, மீன். இரண்டு வாய். தட்டை எடுத்துவிட்டேன்.

காலை, இரவுச் சாப்பாட்டு வரிசைகளில் அதுவுமில்லை. மூன்று நாளும் 'தொடவில்லை' என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில் மட்டும் பெட்டியின் அவசர எழுத்து: இரவு 9.00, பால், ஒரு போத்தல்.

தட்டை எடுத்துவிட்டேன், தட்டை எடுத்துவிட்டேன். படிக்கப் படிக்கப் பெட்டிக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது.

மரியம்மாள் ஆம்ப்ரோஸின் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. புக்கிட் மேராவில் ஒரு பாலர் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஐந்து மாதத்துக்கு முன் பெட்டி மறுபடியும் முழுநேர வேலைக்குத் திரும்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர்தான் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கென்று ஒரு சட்டம். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, ஃபோனில் படம் காட்டக் கூடாது. இருபது நிமிடம் ஆனதும் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிட வேண்டும்.

ஊரார் பிள்ளைகளுக்கு அது சரிதான், என் பிள்ளைக்கு உயிரே எட்டில் அல்லவா நிற்கிறது என்று பெட்டிக்குத் தோன்றியது.

"அண்ணி, இது என்ன?"

மரியம்மாள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார். "நடந்தத எழுதியிருக்கேன்."

"ரெண்டு வாய் தின்னதும் தட்டை எடுத்துட்டீங்க. கொஞ்சம் வேடிக்கை காட்டி ஊட்டுனா என்ன லா, கொறைஞ்சா போயிடுவோம்?"

"ஊட்டுனா வாய்தான் தொறக்கும். பசி வராதும்மா. முதல்ல அவ வயிறு அவளுக்குத் தெரியணும்."

"வயிறு தெரியணும்னு பட்டினி போடுவீங்களா?"

"பட்டினி யாரும் போடல." மரியம்மாள் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "இன்னைக்கு அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லு பெட்டி. ஒண்ணு விடாம."

அந்த 'எல்லாத்தையும்' பெட்டியைச் சுருக்கென்று குத்தியது. ஏன் குத்தியது என்று நின்று யோசித்திருந்தால் அன்றைய நாளே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பயந்துபோன தாய் நின்று யோசிப்பதில்லை, கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். பெட்டியின் கையில் கிடைத்தது இதுதான்:

"உங்களுக்குன்னு ஒரு புள்ள இருந்திருந்தா, இப்படித் தட்டைப் பிடுங்க மனசு வருமா?"

மரியம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அழவில்லை, முகம்கூட மாறவில்லை. குடையையும் சந்தைப் பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"தேக்கா சந்தைக்குப் போறேன். ஈரல் வாங்கணும்."

"நீங்களும் கிளினிக்குக்கு வரதா சொன்னீங்களே?"

"நீ பெத்தவ. நீ போனாப் போதும்."

மின்தூக்கியின் கதவு மூடும் சத்தம் கேட்டது. மணி ஒன்பதரை, குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், வருத்தப்பட நேரமில்லை.

மருந்தகத்தில் உணவு ஆலோசகர் சின்னப் பெண்ணாக இருந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் திவ்யதர்ஷினி என்ற பெயர் ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது. பெதானி பெட்டியின் மடியில் சாய்ந்து கிடந்தாள். வெளுத்த உதடு, துறுதுறுப்பே இல்லாத கண். மூன்றரை வயதில் இப்படிச் சமர்த்தாக உட்காரும் குழந்தையைப் பார்த்தாலே பயமாக இருக்கும்.

திவ்யதர்ஷினி தாளை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள்.

"பால் ஒரு போத்தல்தானா, அக்கா?"

"ஆமா. தூங்கப் போறப்ப."

"எவ்வளவு பெரிய போத்தல்?"

"இருநூத்து நாப்பது."

"பால்மாவு டின் எது வாங்குறீங்க? பெருசா? ஒரு டின் எத்தனை நாளைக்கு வரும்?"

பெட்டி யோசிக்காமல் சொன்னாள். "ஆறு நாள். சில வாரம் அதுவும் வராது."

திவ்யதர்ஷினி கைப்பேசியில் கணக்குப் போட்டுத் திரையை இவள் பக்கம் திருப்பினாள். "ஒரு போத்தல்னா அந்த டின் மூணு வாரத்துக்கு மேல வரணும். உங்களுக்கு ஆறு நாள்ல தீருது. அப்போ ஒரு நாளைக்கு நாலு. கிட்டத்தட்ட ஒரு லிட்டர்."

பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது. சொல்லவே வெட்கமான விஷயம், ஆனால் வந்தது. பகலெல்லாம் வீட்டில் இருப்பது யார்? தட்டைப் பிடுங்கிவிட்டு, குழந்தை அழுதால் வாயில் போத்தலைத் திணிப்பது யார்? சட்டம் பேசுகிறவர் செய்கிற வேலை இதுதானா?

"வீட்ல வேற யாராவது குடுக்குறாங்களா? கேட்டுப் பாருங்களேன்" என்றாள் திவ்யதர்ஷினி.

பெட்டி ஆம்ப்ரோஸை அழைத்தாள். அவனுக்கு அது தேநீர் இடைவேளை. உடனே எடுத்தான்.

"உங்க அக்கா பகல்ல பெதானிக்குப் பால் குடுக்குறாங்களா?"

"அக்காவா? பகல்ல பால் கிடையாதுன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்களே. தண்ணிதான்." கொஞ்சம் தயங்கினான். "நான்தான் காலைல கிளம்பறப்ப ஒண்ணு குடுப்பேன். அவ கண்ணுகூட முழிக்க மாட்டா. ராத்திரி ஒண்ணும் சாப்பிடலியேன்னு மனசு கேக்காது."

"தாள்ல எழுதல?"

"பால எழுதணுமா? சாப்பாட்டத்தானே எழுதச் சொன்னாங்க." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "நீயும் நடுராத்திரி ஒண்ணு குடுப்பியே, அதை எழுதுனியா?"

பெட்டி எழுதவில்லை. இரவு ஒரு மணிக்குக் குழந்தை சிணுங்கும். பாதித் தூக்கத்தில் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டே கலக்கி வாயில் வைத்துவிட்டு மறுபடி படுத்துவிடுவாள். அதை அவள் ஒரு நாளும் பால் கொடுத்ததாகவே நினைத்ததில்லை.

ஃபோனை வைத்தாள்.

"விடியக்காலைல ஒண்ணு, ராத்திரி ஒம்போதுக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு" என்று எழுதினாள் திவ்யதர்ஷினி. "நாலாவது?"

காலையில் அந்த 'எல்லாத்தையும்' ஏன் குத்தியது என்று இப்போது பெட்டிக்குத் தெரிந்துவிட்டது.

நான்காவது போத்தல் மாலை ஆறரைக்கு. வேலையிலிருந்து வந்ததும் பெதானியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போவாள். கதவைச் சாத்துவாள். அலமாரிக்குள் சுடுநீர்க் குடுவையும் சின்ன டப்பாவில் மாவும் இருக்கும். ஏழு மணிக்கு அண்ணி சோறு வைப்பார் என்று நன்றாகத் தெரியும். ஆனால் பகலெல்லாம் பிரிந்திருந்த குழந்தை மடியில் கிடந்து, அலுவலக அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தபடி குடிக்கும் அந்த இருபது நிமிடம்தான் பெட்டியின் நாளிலேயே அவளுக்கென்று இருந்த நேரம். முடிந்ததும் போத்தலைக் குளியலறையில் கழுவி, துணிக்குள் சுருட்டி வைத்துவிடுவாள். ஏழு மணிக்கு வயிறு நிறைந்த குழந்தை தட்டைத் தள்ளும்போது, பெட்டி நாத்தனாரைத்தான் குற்றவாளியைப்போலப் பார்ப்பாள்.

மறந்துபோய் எழுதாமல் விட்டதில்லை அது. மறைத்தது.

"அதுவும் நான்தான்" என்றாள் பெட்டி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சாயங்காலம். யாருக்கும் தெரியாம."

திவ்யதர்ஷினி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பெட்டிக்குத் தேவலை.

"நிறைய வீட்ல இப்படித்தான் அக்கா. பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. வயித்த அடைச்சிரும், மத்ததுக்கு இடமிருக்காது, சாப்பிடுற இரும்பையும் உடம்புல சேர விடாது. டாக்டர் சிரப் தருவார். நீங்க இன்னையிலேர்ந்து போத்தல நிறுத்துங்க. கப்புல ரெண்டு தடவை போதும், சாப்பாட்டுக்கு அப்புறம். அழுவா. நாலஞ்சு நாள் நல்லாவே அழுவா." மதிய வரிசையில் பேனாவை வைத்தாள். "பகல்ல சாப்பாடு குடுக்குறவங்க யாரு?"

"என் நாத்தனார்."

"அவங்கள அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. நாங்க வகுப்பு எடுத்துச் சொல்றத அவங்க வீட்லயே செய்யறாங்க. இவ்வளவு பால் குடிச்ச வயித்தோட இந்தப் பிள்ளை கீரை மூணு வாய் தின்னிருக்குன்னா, அது அவங்களாலதான்."

பேருந்தில் போய்ப் புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, டவுன்டவுன் ரயிலில் ஏறி, தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ச் சேரும்வரை பெட்டி மரியம்மாளின் எண்ணை ஏழு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

தேக்கா சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம். மீன் தண்ணீர் தெறிக்கும் ஈரத் தரையில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டிறைச்சிக் கடைவரை போனாள். கடைக்காரர் ஒலி முகம்மதுவுக்கு மரியம்மாளை இருபது வருடமாகத் தெரியும்.

"ஈரல் வாங்கிட்டு அப்பவே போயிட்டாங்களேம்மா. சாப்பாட்டுக் கடைப் பக்கம் பாருங்க. முகமே சரியில்ல. என்ன ஏதுன்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல."

தூணை ஒட்டிய மேசையில் மரியம்மாள் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தோசை, தொடாமல் இருந்தது. பெதானி "அத்தை" என்று கையை நீட்டினாள். மரியம்மாள் அவளை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பெட்டியை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்குப் பிறகு குழந்தையின் வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பெதானி தட்டைப் பார்த்தாள். தோசையின் முறுகலான ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். பிறகு இன்னொரு துண்டு. பருப்பில் தொட்டு இன்னொன்று. பெட்டி தன்னை அறியாமல் "இன்னும் கொஞ்..." என்று ஆரம்பித்தாள். மரியம்மாள் மேசைமேல் இருந்த கையை லேசாக உயர்த்தினார். பெட்டி வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவர்கள் இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை பாதித் தோசையைத் தின்று முடித்தது. பெட்டிக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"நாலு போத்தல் அண்ணி" என்றாள். "ஒண்ணு அவர். மூணு நான். சாயங்காலம் ரூம்ல வச்சு ஒண்ணு குடுப்பேன், உங்களுக்குத் தெரியாம."

"தெரியும்."

பெட்டி திகைத்தாள்.

"டின்ன தினம் தூக்கித் துடைச்சு வைக்கிறது நான். காலைல இருந்த கனம் மறுநாள் இல்லைன்னா எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் சமையக்கட்டுல நின்னவ. நீ கதவைச் சாத்திட்டு வெளிய வரப்ப புள்ள மூச்சுல பால் வாசம் அடிக்கும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அவளுக்கு ரத்தம் எட்டுக்கு வந்திருச்சு அண்ணி. ஏன் சொல்லல?"

"நீயே எழுதுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். மூணு நாளும் தினம் அந்தத் தாளைப் போய்ப் பார்த்தேன்." மரியம்மாளின் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கணும். அது என் தப்பு, இல்லைன்னு சொல்லல. சொல்லியிருந்தா, இன்னைக்குச் சொன்னத நீ அஞ்சு மாசம் முன்னாடியே சொல்லியிருப்ப. அதுக்குப் பயந்தேன்."

பெட்டி மன்னிப்புக் கேட்டாள். ஒருமுறை, இருமுறை. அந்தக் கூச்சலில் அவள் கேட்டது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. மரியம்மாள் சந்தைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"மிளகு கொஞ்சமாப் போட்டு வதக்கு. அவளுக்கு ரெண்டு துண்டு போதும், வாரத்துல ஒரு நாள். சோத்தோட தட்டுல வச்சிட்டு நீயும் கூட உக்காந்து சாப்பிடு. அவ தட்டைப் பாக்காத."

"நீங்க வாங்க அண்ணி. வீட்டுக்குப் போவோம்."

"புக்கிட் மேராவுல விசாலாட்சி வீட்டுக்குப் போறேன். கூட வேலை பார்த்தவ, ஒரு வாய் சோறு போடுவா."

"எப்ப வருவீங்க?"

மரியம்மாள் பெதானியின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார். குழந்தையின் தலையில் ஒரு நொடி கையை வைத்தார். கூட்டத்துக்குள் குடை மறைந்தது.

மாலை ஆறரைக்குக் குழந்தை படுக்கையறைக் கதவருகே போய் நின்றது.

"மம்மி, மில்க்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் கப்புல தரேன் பெத்து."

பெதானி நம்பவில்லை. அலமாரியைத் தட்டினாள். தரையில் உட்கார்ந்தாள், படுத்தாள், காலை உதைத்தாள். அழுகை ஏறிக்கொண்டே போனது. மேல் வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்திருப்பார். பெட்டி ஈரலை வதக்கினாள், சோறு போட்டாள், இரண்டு தட்டு வைத்தாள். அலமாரியில் டப்பா இருக்கிறது, ஒரே நிமிட வேலை, இந்த அழுகை நின்றுவிடும். எழுந்து ஓடக் கூடாது என்று நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்றாள். மண்ணைத் தின்பதுபோல் இருந்தது.

ஏழே முக்காலுக்கு ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்தபோது குழந்தை கேவிக்கொண்டிருந்தது. காலணியைக்கூடக் கழற்றாமல் அவன் நேரே அடுப்படிக்குப் போய்ப் பால்மாவு டின்னை எடுத்தான்.

"குடுக்காதீங்க."

"இப்படி அழறா, பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"

"நம்மதான் அவளுக்கு இதச் செஞ்சோம். நீங்களும் நானும். வைங்க அத."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் டின்னை வைத்துவிட்டான். மருந்தகத்தில் சொன்னதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அழுது களைத்த பெதானி மெல்ல எழுந்து வந்து மேசையைப் பிடித்து நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. சின்னக் கை ஒன்று தட்டுக்குப் போனது. சோறு கொஞ்சம் வாய்க்கும் கொஞ்சம் தரைக்கும் போனது. ஒரு ஈரல் துண்டைத் துப்பினாள், இன்னொன்றை மென்றாள். மொத்தம் ஐந்து வாய். "போதும்" என்றாள். பெட்டி தட்டை எடுத்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸ் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான்.

"அக்கா எங்க?"

மழுப்ப ஆயிரம் வழி இருந்தது. தேக்காவுக்குப் போனார், தோழி வீட்டில் தங்கியிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். பெட்டி காலையில் தான் சொன்ன வாக்கியத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் அவனிடம் திருப்பிச் சொன்னாள்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், கத்துவான் என்றுகூட. ஆம்ப்ரோஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கையை எடுத்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

பெட்டி ஜொகூரிலிருந்து இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து ஆறு வருடம். அந்தக் குடும்பத்தைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அக்காவுக்குப் புள்ள இல்லைன்னு உன்கிட்ட யாரு சொன்னது?" என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.